இரண்டு காயையும் தொட்டவர்

1970ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் இரண்டாவது சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு லஸ் முனையில் 12B பஸ்ஸில் ஏறிய சண்முகவேல் ஒருவர். பனகல் பார்க்கில் இறங்கிய சண்முகவேல் இருவர். முன்வாசல் வழியாக ஒருவரும் பின்வாசல் வழியாக ஒருவரும் ஒரே நேரத்தில் தரையில் கால் வைத்தார்கள். இருவருக்கும் வயது முப்பத்தொன்று. இருவருக்கும் நீலக் கோடு போட்ட அதே சட்டை, இடது முழங்கையில் அதே தையல். கண்டக்டர் தணிகாசலம் பதினோரு வருஷ சர்வீஸ்காரர், இதைவிடப் பெரிய மோசடிகளையெல்லாம் பார்த்தவர். "இன்னா நைனா, ஒரு டிக்கெட்ட வாங்கிக்கினு ரெண்டு பேரா எறங்கிக்கினு கீற?" என்று மட்டும் கேட்டார். இரண்டு சண்முகவேலும் அசடு வழிந்தபடி ஆளுக்குக் கொஞ்சம் சில்லறையை நீட்டினார்கள். தணிகாசலம் ஒருவரிடம் மட்டும் நியாயமாக வாங்கிக்கொண்டு, இன்னொரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, விசிலை ஊதினார். பஸ் போய்விட்டது.

இதில் பஸ்ஸின் மேல் குற்றம் ஒன்றும் இல்லை. காரணம் நீரஜா. அதைவிடச் சரியாகச் சொன்னால், நீரஜாவுக்கு எதிரே உட்கார்ந்து சண்முகவேல் செய்த காரியம். நீரஜா மயிலாப்பூர்ப் பெண், இருபத்தெட்டு வயது, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். சனிக்கிழமை சாயங்காலமானால் தெற்கு மாட வீதியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் நடக்கிற சதுரங்க சபாவுக்கு வந்துவிடுவாள். மயிலாப்பூரில் நாலு பேர் கூடினாலே அதற்குச் சபா என்று பெயர். சண்முகவேல் தி.நகர் உஸ்மான் ரோடில் ஜவுளிக்கடை வைத்திருந்த வெள்ளைத்துரையின் ஒரே மகன். மூன்று வருஷத்தில் அவர் நீரஜாவிடம் நூற்றுப் பன்னிரண்டு ஆட்டம் தோற்றிருந்தார். அதில் தொண்ணூறுக்கு மேல் நேரம் தீர்ந்து தோற்றவை. ஆட்டம் தெரியாதவர் இல்லை. ஒவ்வொரு முறையும் அவர் கண்ணுக்கு இரண்டு நல்ல காய் தெரியும். இதுவா அதுவா என்று அவர் தாடையைத் தடவிக்கொண்டிருப்பார். செஸ் கடிகாரத்தின் முள் பன்னிரண்டைத் தொட்டு, சின்னச் சிவப்புக் கொடி பொத்தென்று விழும். விழுந்ததும் வாய்விட்டுச் சிரிப்பார். இவ்வளவு சந்தோஷமாகத் தோற்கிற மனிதரை நீரஜா அதற்குமுன் பார்த்ததில்லை. அங்கேதான் அவள் விழுந்தாள்.

ஆட்டத்தில் மட்டும் இப்படி என்றால் போகட்டும். மனிதர் எல்லாவற்றிலும் மதில்மேல் பூனை. ஓட்டலில் இட்லியா தோசையா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் சர்வர் பொறுமை இழந்து பொங்கலை வைத்துவிட்டுப் போவார். இவளைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று ஒரு ஆசை. அத்தை மகளைத்தான் கட்டவேண்டும் என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த அப்பாவின் மனம் நோகக்கூடாது என்று ஒரு ஆசை. அப்பாவிடம் அடுத்த மாசம் சொல்கிறேன், அடுத்த மாசம் சொல்கிறேன் என்றே மூன்று வருஷத்தை ஓட்டிவிட்டார். அந்தச் சனிக்கிழமை காய்களை அடுக்கும்போதே நீரஜா சொல்லிவிட்டாள்: "இன்னிக்கு ஆத்துக்குப் போனதும் உங்கப்பாகிட்ட சொல்லணும். இல்லேன்னா இத்தோட விட்டுடலாம்."

இதைக் கேட்டுவிட்டு யாரால் ஒழுங்காக ஆட முடியும்? பத்தொன்பதாவது காயை நகர்த்தும் முறை வந்தபோது சண்முகவேலுக்கு வழக்கம்போல் இரண்டு காய் தெரிந்தது. குதிரையைத் துணிந்து எதிரி வீட்டுக்குள் விடலாம். மந்திரியைக் குறுக்கே இழுத்து ராஜாவைக் காக்கலாம். வலது கை குதிரையைத் தொட்டது, அதே நேரத்தில் இடது கை மந்திரியைத் தொட்டது. தொட்ட காயை ஆடியே தீரவேண்டும் என்பது சதுரங்கத்தில் சத்தியம். சபாவின் காரியதரிசி சுப்பராமன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஓடிவந்தார். "எதை ஓய் முதல்ல தொட்டீர்?" சண்முகவேலுக்குத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருந்த ஏழு பேருக்கும் தெரியவில்லை. ஆறு மணிக்கு அதே மாடியில் வாய்ப்பாட்டு வகுப்பு, இடத்தைக் காலி செய்தாகவேண்டும். ஆட்டத்தை ஒத்திவைத்து, அடுத்து ஆடப்போகும் காயைத் தாளில் எழுதிக் கவரில் போட்டு ஒட்டச் சொன்னார் சுப்பராமன். சண்முகவேல் இரண்டையும் எழுதி ஒட்டினார். பிறகுதான் அந்த பஸ்.

உஸ்மான் ரோடில் வெள்ளைத்துரை கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்த நேரம். ஒரு பக்கம் ஒரு சண்முகவேல் வந்து நின்று, "அப்பா, நான் மயிலாப்பூர்ப் பிள்ளையத்தான் கட்டிக்கிடுவேன்" என்றார். அதே நொடியில் இன்னொரு பக்கம் இன்னொரு சண்முகவேல், "அப்பா, நீங்க சொன்னபடியே அத்தை மகளக் கட்டிக்கிடுதேன்" என்றார். வெள்ளைத்துரை இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "ஏல, ஒவ்வொருத்தனாப் பேசுங்கல!" என்றார். அம்மா தங்கபுஷ்பம் எட்டிப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் இன்னொரு இலையைப் போட்டார். பிள்ளை வீட்டுக்கு வந்தால் சோறு போடவேண்டும், அவ்வளவுதானே. மறுநாள் காலை வெள்ளைத்துரை ஒருவரைச் சேலைப் பக்கமும் ஒருவரை வேட்டிப் பக்கமும் நிறுத்தினார். வாடிக்கைக்காரர்கள் இரட்டைப் பிள்ளையா என்று கேட்டார்கள். "இல்ல, ஒண்ணுதான், ரெண்டா இருக்கான்" என்று பதில் சொல்லிவிட்டுத் துணியை அளந்தார்.

அடுத்த சனிக்கிழமை இருவரும் சபாவுக்கு வந்தார்கள். கவரைப் பிரித்ததும் ஒருவர் குதிரையை எடுக்கப் போனார், ஒருவர் மந்திரியை எடுக்கப் போனார். சுப்பராமன் பலகையைக் கையால் மறைத்தார். ஒரு ஆட்டத்துக்கு ஒரு ஆள்தான், முடிவு பண்ணிண்டு வாங்கோ என்று திருப்பி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து குதிரைச் சண்முகவேல், மந்திரிச் சண்முகவேல் என்று ஊரில் பெயராகிவிட்டது. நீரஜாவின் அம்மா விசாலாக்ஷி தலையில் கைவைத்துக்கொண்டார். "ஒருத்தரையே ஒத்துக்க முடியாதுன்னு சொல்லிண்டிருக்கேன், நீ ரெண்டு பேரைக் கொண்டுவந்து நிறுத்தறயேடி!" என்று ஒரு வாரம் அழுதார். பிறகு, வந்தவர்களுக்குக் காபி கொடுக்காமல் இருக்க முடியாதே என்று கொடுத்தார்.

குதிரைச் சண்முகவேல் யோசிக்கிற ஆளே இல்லை. செப்டம்பரில் நீரஜாவை அழைத்துக்கொண்டு போய்ப் பதிவுத் திருமணத்துக்கு மனு கொடுத்தார். பதிவாளர் வேம்பு பெயர்களை எழுதி முப்பது நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். இருபத்தொன்பதாம் நாள் ஒரு ஆட்சேபம் வந்தது. எழுதியவர் சண்முகவேல். காரணம் என்ற இடத்தில், 'மணமகனுக்குச் சம்மதம் இல்லை' என்று இருந்தது. வேம்பு பூதக்கண்ணாடி வைத்து இரண்டு கையெழுத்தையும் பார்த்தார். கடைசி எழுத்தின் புள்ளி தள்ளி விழுந்திருப்பதுவரை ஒன்றேதான். "அம்மா, பொண்ணோட அப்பா ஆட்சேபிச்சா ஒரு வழி சொல்லுவேன். ஊர்க்காரா ஆட்சேபிச்சா ஒரு வழி சொல்லுவேன். மாப்பிள்ளையே ஆட்சேபிச்சா நான் என்ன பண்ணட்டும்? ரெண்டு பேர் வரட்டும், எனக்கு அதில் ஒண்ணுமில்லை. பேச்சு ஒண்ணா இருக்கணும்" என்றார்.

நீரஜா அன்று எக்ஸ்சேஞ்சில் நாலு தப்புக் கனெக்‌ஷன் கொடுத்தாள். பக்கத்து நாற்காலிக்காரி, திருவல்லிக்கேணி அஃப்சருன்னிசா, "ஏம்மா, பேசாம அந்தக் குதிரைய மட்டும் இழுத்துக்கினு எங்கனா போயிடேன்" என்றாள். நீரஜாவுக்கு அது பிடிக்கவில்லை. அப்பாவுக்குப் பயந்து மென்று விழுங்குகிற அந்த மந்திரியும் அவர்தானே. அவர் வேண்டாம் என்று சொல்லியிருப்பதுதான் அவளுக்கு வலித்தது. வலித்ததால்தான் அவரை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. இரண்டு நாள் அழுது பார்த்தாள். மூன்றாம் நாள் கோபம் வந்தது. திருச்சிக்கு மாற்றல் கேட்டு ஒரு மனு எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டு சபா மாடிப்படி ஏறினாள்.

"அந்த ஆட்டம் பாக்கி இருக்கு" என்றாள் இருவரையும் பார்த்து. "ரெண்டு பலகை வைக்கலாம். ஒண்ணுல குதிரை நகர்ந்ததா வெச்சுப்போம், ஒண்ணுல மந்திரி. ரெண்டுலயும் எதிர்ல நான். ஒரே நேரத்துல ஆடறேன். உங்கள்ல யார் பலகை நன்னா முடியறதோ அவர் சொல்றதுக்கு மத்தவர் கட்டுப்படணும்."

"ரெண்டும் சமமாப் போச்சுன்னா?" என்று கேட்டார் சுப்பராமன். அவர் அப்படித்தான், எதிலும் ஓட்டையைப் பார்க்கிறவர்.

"சமம்னா இவர் இப்படியே ரெண்டா இருக்கட்டும். நான் திருச்சிக்குப் போறேன்" என்று மனுவை எடுத்துக் காட்டினாள்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, நல்ல மழை, ஐந்து மணி. பாட்டு வகுப்புக்காக ஆறு மணிக்கு இடத்தைக் கொடுக்கவேண்டும் என்பதால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பலகைக்கும் பத்து நிமிஷம்தான். சபாவிடம் இருந்ததே இரண்டு கடிகாரம், இரண்டுக்கும் சாவி கொடுத்தாயிற்று. இரண்டு சண்முகவேலும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார்கள். நடுவில் எதிரே நீரஜா. எக்ஸ்சேஞ்சில் ஒரே நேரத்தில் எட்டு லைனைச் சமாளிக்கிறவளுக்கு இரண்டு பலகை பெரிய காரியம் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் மூன்றே நிமிஷத்தில் அவளுக்கு நெற்றி வேர்த்துவிட்டது. இதுவரை அவள் ஆடியது தாடையைத் தடவுகிற சண்முகவேலோடு. இப்போது இரண்டு பேருக்கும் தலைக்கு ஒரு காய்தான் தெரிந்தது. குதிரை பாய்ந்து பாய்ந்து வந்தது. மந்திரி சுவர் எழுப்புகிற மாதிரி அமைதியாகக் கட்டிக்கொண்டே வந்தார். டக், டக் என்று பொத்தானைத் தட்டினார்கள். அடேயப்பா, இந்த மனுஷன் இவ்வளவு நன்றாக ஆடுவாரா என்று அந்த நெருக்கடியிலும் அவளுக்கு ஒரு பெருமை வந்தது.

பதினாறாவது நிமிஷம் குதிரைப் பலகையில் அவள் அதைப் பார்த்துவிட்டாள். பாய்கிற அவசரத்தில் குதிரைச் சண்முகவேல் தன் ராஜாவைத் திறந்துபோட்டுவிட்டார். ராணியை ஒரு கட்டம் நகர்த்தினால் மேட். நகர்த்தினால் இவர் தோற்றார். இவர் தோற்றால் மிஞ்சிப்போனால் சமம், சமம் என்றால் திருச்சி. பார்க்காத மாதிரி ஒரு சிப்பாயைத் தள்ளிவிடலாம். சபாவில் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. மகராசி, தள்ளித் தொலைத்திருக்கக் கூடாதா? அவளால் முடியவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு ஆட்டத்தை வேண்டுமென்று விட்டுக்கொடுக்க அவள் கற்றுக்கொண்டதில்லை. கை அந்தரத்தில் நின்றது, கடிகாரம் ஓடியது.

"ஆடு, நீரஜா" என்றார் குதிரைச் சண்முகவேல் மெதுவாக. "நீ பாத்துட்டே. நீ பாத்தது எனக்கும் தெரிஞ்சுபோச்சு. மறைச்சு ஆடுனா அப்புறம் எப்படி மூஞ்சியப் பாத்துக்கிறது?"

ஆடினாள். மேட். அவர் தன் ராஜாவைக் கையில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். நீரஜா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். துடைத்த கையாலேயே மற்றப் பலகையில் ஒரு காயை நகர்த்திப் பொத்தானை அழுத்தினாள். அங்கே அவள் கதை முடிந்திருந்தது. அவள் ராணி மூலையில் மாட்டிக்கொண்டிருந்தது. மந்திரிச் சண்முகவேலுக்கு இன்னும் ஒரு நிமிஷத்துக்கு மேல் நேரம் இருந்தது. யானையை இறக்கினாலும் ஜெயம், சிப்பாயைத் தள்ளினாலும் ஜெயம். மாடியில் இருந்த ஒன்பது பேருக்கும் இது தெரிந்தது. அவர் பக்கத்திலிருந்த தன்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எதிரே பார்த்தார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, தோற்கப்போகிற பலகையிலும் தப்புவதற்கு ஏதாவது வழி உண்டா என்று தேடிக்கொண்டிருந்தாள். இரண்டு கையையும் தூக்கினார். ஒன்று யானைக்கு மேலே போய் நின்றது, ஒன்று சிப்பாய்க்கு மேலே.

"ஓய், ஓய்! கையை எடும்!" என்று அலறினார் சுப்பராமன். "மூணாவதா ஒருத்தர் வந்தா உட்கார நாற்காலி கிடையாது!"

மந்திரிச் சண்முகவேல் ஒன்றையும் தொடவில்லை. இரண்டு கையையும் இறக்கி மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். கடிகாரத்தையே பார்த்தார். முள் ஏறியது. கொடி பொத்தென்று விழுந்தது. விழுந்ததும், ஆகஸ்ட் மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக, வாய்விட்டுச் சிரித்தார்.

"ஏன் ஆடலை?" என்று கத்தினாள் நீரஜா. அவளுக்கு நிஜமாகவே கோபம். "கண்ணுக்கு நேரா ரெண்டு காய் இருந்துதே!"

"ரெண்டும் தெரிஞ்சுது. ஜெயிச்சா உன்ன வேண்டாம்னு நான் சொன்னதுதான் நிலைக்கும். அதுக்காகவா நான் ஜெயிக்கணும்?" என்றார். இதைச் சொல்ல அவர் ஒரு வினாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

சுப்பராமன் நோட்டில் இரண்டு ஆட்டத்தையும் எழுதி, சண்முகவேல் இரண்டிலும் தோல்வி, ஆகவே சமம் என்று அடிக்கோடிட்டார். சமம் என்றால் திருச்சி என்று ஒரு பேச்சு இருக்கிறதே என்று இழுத்தார். குதிரைச் சண்முகவேல் மடியிலிருந்த ராஜாவைப் பலகையில் வைத்தார். "தோத்தது நாங்க ரெண்டு பேரும். ஜெயிச்சவ அவ. அவ சொல்றதுதான் சட்டம்" என்றார். சுப்பராமன் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். தோற்றவர் ஜெயித்தவருக்குக் காபி வாங்கித் தரவேண்டும் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. நீரஜா மாற்றல் மனுவை நாலாகக் கிழித்து மழையில் போட்டாள். "ரெண்டு ஆட்டம் ஜெயிச்சிருக்கேன். ரெண்டு காபி வேணும்" என்றாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே வெள்ளைத்துரையிடம் விஷயம் போயிற்று. வாயைத் திறந்தவர் மந்திரி. குதிரை பக்கத்தில் சும்மா நின்றார். வெள்ளைத்துரை வெகுநேரம் மேஜைமேல் கிடந்த கத்தரிக்கோலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "என் பேச்சக் கேட்டுக் கடையில நின்னியே, மூணு மாசமா உன் முகத்துல சிரிப்ப நான் பாக்கலியேல" என்றார் கடைசியில். கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "ரெண்டு பயலும் ஒண்ணா நின்னா நான் ஒருத்தன் என்ன செய்ய? ஓட்டுப் போட்டாலும் நான்தான் தோப்பேன். தங்கம், அந்த அரக்குப் பட்ட எடுத்து வை."

பிற்காலத்து விஷயங்களையும் இங்கேயே சொல்லிவிடலாம். அதற்குப் பிறகு எது குதிரை எது மந்திரி என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை, அவர்களுக்கே மறந்துவிட்டது. நீரஜா ஒருநாளும் கேட்டதில்லை. அடையாறு காந்தி நகரில் வாடகைக்கு வீடு பிடித்தார்கள். காலையில் எந்தச் சண்முகவேல் முதலில் எழுந்திருக்கிறாரோ அவர் உஸ்மான் ரோடு கடைக்குப் போவார், பின்னால் எழுந்தவர் சாம்பார் வைத்து நீரஜாவை ஷிப்டுக்கு அனுப்புவார். வெள்ளைத்துரைக்குக் கடையில் மகன் இருந்தான், நீரஜாவுக்கு வீட்டில் புருஷன் இருந்தார். அக்கம்பக்கம் இரண்டு மாதம் பேசியது. பிறகு மண்ணெண்ணெய் விலை ஏறிவிட்டது, அதைப் பேசப் போய்விட்டது. 1973இல் மகள் பிறந்தாள். பள்ளிக்கூட மனுவில் தகப்பனார் பெயர் என்று ஒரே ஒரு கோடுதான் இருந்தது, அது போதுமானதாகவும் இருந்தது.

ஆனால் அதெல்லாம் பிறகு. டிசம்பரில் பதிவு நாள் அன்று வேம்புவின் அறையில் இடமே இல்லை. வெள்ளைத்துரை, தங்கபுஷ்பம், கண்ணைத் துடைத்துக்கொண்டே எல்லோருக்கும் கல்கண்டு நீட்டிய விசாலாக்ஷி, சாட்சிக் கையெழுத்துப் போட அஃப்சருன்னிசா. நீரஜா அரக்குப் பட்டில் வந்திருந்தாள். இந்த மனிதர் மூன்று வருஷமாகப் பதில் சொல்லாத கேள்வியைத்தான் இப்போது சர்க்காரே கேட்கப்போகிறது என்று அவள் இரண்டு தாடையையும் கவனித்துக்கொண்டிருந்தாள். வேம்பு ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றதாக எழுதி வாங்கிக் கோப்பில் வைத்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மாப்பிள்ளை சம்மதத்தை வாயால சொல்லணும். இந்தப் பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்க சம்மதமா?" என்றார்.

இரண்டு சண்முகவேலும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. தாடையைத் தடவவில்லை. "சம்மதம்" என்றார்கள். இரண்டு வாய், ஒரே குரல், அறை அதிர்ந்தது. நீரஜா முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள், அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்துவிட்டது. வேம்பு சட்டப் புத்தகத்தை ஒருமுறை பார்த்தார். மாப்பிள்ளை ஒரே இடத்தில்தான் நிற்கவேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை. பதிவேட்டில் சண்முகவேல் என்று ஒரு தரம் எழுதி, மை காய ஊதிவிட்டு, வாசலைப் பார்த்து அடுத்த ஜோடியைக் கூப்பிட்டார். அவர்கள் இரண்டே பேர்தான் வந்தார்கள்.